'வர்றாராம்' எப்போது 'வர்றார்' ஆனது? கால்பந்து ரசிகர்களைச் சுற்றும் வதந்திகளின் கதை

"மச்சி, ஸாவி நம்ம டீமுக்கு கோச்சா வர அப்ளை பண்ணியிருக்காராம்டா!"

2025 ஜூலை கடைசியில் இப்படி ஒரு மெசேஜ் உங்கள் வாட்ஸ்அப் குரூப்புக்கும் வந்திருக்கலாம். ஸ்பெயின் அணியோடு உலகக் கோப்பை வென்றவர், பயிற்சியாளராக பார்சிலோனாவுக்கு லா லிகா பட்டம் வாங்கித் தந்தவர் ஸாவி ஹெர்னாண்டஸ். அவர் ஃபிஃபா தரவரிசையில் 133-வது இடத்தில் இருந்த இந்திய அணிக்கு விண்ணப்பித்திருக்கிறார் என்றால், யாருக்குத்தான் விரல் சும்மா இருக்கும்?

இதில் கவனிக்க வேண்டிய விஷயம், இது ஏதோ ஒரு மீம் பேஜ் கிளப்பிவிட்ட கதை இல்லை. முன்னணி ஆங்கில நாளிதழில் வந்த செய்தி. மனோலோ மார்க்கஸ் விலகியதால் காலியான பதவிக்கு வந்த விண்ணப்பங்களில் ஸாவியின் பெயரும் இருந்ததாக அகில இந்திய கால்பந்து கூட்டமைப்பின் தரப்பிலேயே சொன்னார்கள். 'அவருக்குக் கொடுக்கிற அளவுக்கு நம்மிடம் காசு இல்லை, அதனால் பரிசீலிக்கவில்லை' என்ற விளக்கமும் கூடவே வந்தது. உலகம் முழுக்க விளையாட்டுத் தளங்கள் இதை எடுத்துப் போட்டன.

பிறகு கூட்டமைப்பே ஓர் அறிக்கை விட்டது. ஸாவி, பெப் கார்டியோலா ஆகியோர் பெயர்களில் மின்னஞ்சல்கள் வந்தன, அவற்றின் உண்மைத்தன்மையை உறுதிப்படுத்த முடியவில்லை, அவை உண்மையானவை அல்ல என்று இப்போது தெரியவந்திருக்கிறது என்றது அந்த அறிக்கை. ஸாவி பெயரில் மெயில் அனுப்பியது தான்தான் என்று 19 வயது மாணவர் ஒருவர் சொல்லிக்கொண்டதாகவும் செய்திகள் வந்தன. கடைசியில் அந்தப் பதவிக்கு வந்தவர் காலித் ஜமீல்.

சிரித்துவிட்டு ஸ்க்ரோல் பண்ணிப் போகக்கூடிய கதைதான். ஆனால் இந்தச் சின்னக் கதையில் வேலை செய்த அதே இயந்திரம், உயிர் சம்பந்தப்பட்ட இடங்களிலும் வேலை செய்கிறது. அது எப்படி ஓடுகிறது என்று பார்ப்போம்.

*ஒரு வதந்தி எப்படி 'செய்தி' ஆகிறது?*

தமிழில் நமக்கு ஓர் அருமையான வசதி இருக்கிறது: 'ஆம்'. "வர்றார்" என்றால் எனக்குத் தெரியும் என்று அர்த்தம். "வர்றாராம்" என்றால் யாரோ சொன்னார்கள், நான் பார்க்கவில்லை. கேள்விப்பட்டதையும் பார்த்ததையும் பிரிக்க ஒரே ஒரு விகுதி போதும்.

டிரான்ஸ்ஃபர் வதந்தி என்பது இந்த 'ஆம்' கொஞ்சம் கொஞ்சமாகத் தொலைகிற கதைதான்.

முதலில் ஒரு வீரரின் ஏஜென்ட், பழைய கிளப்பிடம் சம்பளத்தை ஏற்றிக் கேட்பதற்காக, "இன்னொரு பெரிய கிளப் எங்களைக் கேட்டாங்க" என்று ஒரு நிருபரிடம் கசியவிடுகிறார். நிருபர் 'விசாரித்ததாகத் தெரிகிறது' என்று எழுதுகிறார். அதை வேறொரு மொழிக்கு மாற்றிப் போடும் பக்கம் 'பேச்சுவார்த்தை நடக்கிறது' என்கிறது. அதைப் பார்த்து ஃபேன் பேஜ் ஒன்று, அந்த வீரருக்குப் புது ஜெர்ஸி மாட்டிய எடிட்டைப் போடுகிறது. நம் குரூப்புக்கு வரும்போது அது 'டீல் முடிஞ்சது'.

இந்தச் சங்கிலியில் முழுப் பொய்யை யாரும் சொல்லியிருக்கத் தேவையில்லை. ஒவ்வொருவரும் ஒரு சொல்லைக் குறைத்தாலே போதும்.

*இல்லாத வீரருக்கு 30-வது இடம்!*

இது சோஷியல் மீடியா வந்த பிறகு வந்த வியாதி என்று நினைத்தால், ஒரு பழைய கதை.

2009 ஜனவரியில் லண்டனின் 'தி டைம்ஸ்' நாளிதழ், உலகின் வளரும் கால்பந்து நட்சத்திரங்கள் 50 பேர் கொண்ட பட்டியலை வெளியிட்டது. அதில் 30-வது இடம் மசல் புக்டுவ் என்ற 16 வயது மால்டோவா வீரருக்கு. ஆர்சனலோடு அவர் பெயர் அடிபடுவதாகவும் குறிப்பு இருந்தது.

ஒரே ஒரு பிரச்சினை. அப்படி ஒரு ஆளே கிடையாது.

யாரோ ஒருவர், செய்தி நிறுவனம் எழுதியது போலவே துணுக்குகளைத் தயாரித்து, ரசிகர்கள் பேசும் இணையப் பக்கங்களில் போட்டிருக்கிறார். விக்கிப்பீடியாவிலும் அந்தப் பெயரைச் செருகியிருக்கிறார்கள். தேடியவர்களுக்கு நாலைந்து இடங்களில் பெயர் கிடைத்தது. நாலைந்து இடத்தில் இருந்தால் உண்மையாகத்தானே இருக்கும்? அந்தப் பெயரை ஐரிஷ் மொழியில் உச்சரித்துப் பார்த்தால் 'என் சின்னக் கறுப்புக் கழுதை' என்று வருகிறது என்பதைப் பிறகு ரசிகர்கள்தான் கண்டுபிடித்தார்கள். அதே தலைப்பில் ஒரு பழைய ஐரிஷ் சிறுகதையும் இருக்கிறது. கழுதையை ஏமாற்றி அதிக விலைக்கு விற்கிற கதை.

இந்தக் கதையில் கவனிக்க வேண்டியது இதுதான்: பொய்யைக் கட்டியது இணையம், அதற்கு முத்திரை குத்தியது பெரிய பத்திரிகை, உடைத்தது மறுபடி இணையத்தில் இருந்த ரசிகர்கள்.

*நாம் ஏன் நம்புகிறோம்?*

2018-ல் எம்ஐடி ஆய்வாளர்கள் மூவர் 'சயின்ஸ்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 2006 முதல் 2017 வரை ட்விட்டரில் சுமார் 30 லட்சம் பேர் பகிர்ந்த, ஏறக்குறைய 1,26,000 தகவல்களின் பயணத்தைப் பார்த்தார்கள். உண்மையைவிடப் பொய் மறுபகிர்வு ஆவதற்கான வாய்ப்பு 70 சதவிகிதம் அதிகம் என்று தெரிந்தது. இதற்குக் காரணம் 'பாட்'கள் அல்ல, மனிதர்கள்தான். பொய் புதுசாக இருக்கிறது, ஆச்சரியப்படுத்துகிறது. அதனால் ஓடுகிறது.

கால்பந்தில் இதோடு இன்னும் இரண்டு சேர்கின்றன: ஆசையும் எரிச்சலும். நம் டீமுக்கு நல்லது நடக்கும் என்ற ஆசை. எதிர் டீம் அசிங்கப்பட வேண்டும் என்ற எரிச்சல். இந்த இரண்டில் ஒன்றைத் தொட்டுவிட்டால் போதும், நாம் சரிபார்ப்பதை நிறுத்திவிடுகிறோம்.

2023 செப்டம்பரில் மொராக்கோவில் நிலநடுக்கம் வந்தபோது, கிறிஸ்டியானோ ரொனால்டோ மராகேஷில் உள்ள தன் ஹோட்டலைப் பாதிக்கப்பட்டவர்களுக்குத் திறந்துவிட்டார் என்று பரவியது. ஹோட்டல் தரப்பு மறுத்தது. அடுத்த மாதமே, ஈரானில் ஓர் ஓவியரைக் கட்டிப்பிடித்ததற்காக அவருக்கு 99 கசையடி என்று ஒரு செய்தி. அதை ஸ்பெயினில் உள்ள ஈரான் தூதரகம் மறுத்தது. முதலாவது ரசிகர்களின் ஆசைக்குத் தீனி. இரண்டாவது கோபத்துக்குத் தீனி. இரண்டு செய்திகளுமே நிஜம் இல்லை.

இதில் காசும் இருக்கிறது. 2022 நவம்பரில் இருந்து ட்விட்டரில் நீல டிக்கைப் பணம் கொடுத்தே வாங்கலாம் என்று ஆனது. 2023 ஜூலையில், அதிகம் பேர் பார்க்கும் கணக்குகளுக்கு விளம்பர வருவாயில் பங்கு கொடுக்கவும் தொடங்கினார்கள். பிரபல டிரான்ஸ்ஃபர் நிருபரின் பெயரில் ஓர் எழுத்தை மாற்றி, அதே புகைப்படத்தைப் போட்டு, டிக்கும் வாங்கிக்கொண்டால் கடை ரெடி. நாம் கோபத்தில் "ஃபேக் நியூஸ்" என்று ரிப்ளை போட்டாலும் அவருக்கு அது ரீச்தான்.

*சரி, ஒரு டிரான்ஸ்ஃபர் பொய்யால் யாருக்கு என்ன நஷ்டம்?*

நியாயமான கேள்வி. பதிலுக்கு 1989-க்குப் போக வேண்டும்.

அந்த ஆண்டு ஏப்ரல் 15. இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் உள்ள ஹில்ஸ்பரோ மைதானத்தில் லிவர்பூல் – நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் எஃப்ஏ கோப்பை அரையிறுதி. நெரிசலில் சிக்கி 97 லிவர்பூல் ரசிகர்கள் இறந்துபோனார்கள். வாசல் கதவைத் திறக்க உத்தரவிட்டது பொறுப்பில் இருந்த போலீஸ் அதிகாரி டேவிட் டக்கன்ஃபீல்ட். ஆனால் ரசிகர்கள் கதவை உடைத்துக்கொண்டு நுழைந்தார்கள் என்று அவரே சொன்னார். நான்கு நாள் கழித்து 'தி சன்' நாளிதழ், 'உண்மை' என்று கொட்டை எழுத்தில் தலைப்பு வைத்து, இறந்தவர்களிடம் ரசிகர்கள் திருடினார்கள் என்று எழுதியது.

அன்று ட்விட்டரும் இல்லை, வாட்ஸ்அப்பும் இல்லை. ஆனாலும் அந்தப் பொய் ஒட்டிக்கொண்டது. 'கால்பந்து ரசிகர்களா? குடித்துவிட்டு ரகளை பண்ணியிருப்பார்கள்' என்ற முன்முடிவு ஏற்கெனவே இருந்ததால், அது எளிதாக ஒட்டியது. 2012-ல் சுயேச்சைக் குழு ஆவணங்களைத் திறந்தது. 2016-ல் விசாரணை நடுவர்கள், அவர்கள் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டார்கள், ரசிகர்கள் மீது தவறில்லை என்றார்கள். பொய் பரவ நான்கு நாள். அதைத் துடைக்க 27 ஆண்டுகள்.

*பாரிஸில் மறுபடியும்...*

2022 மே 28. பாரிஸின் ஸ்டாட் டி ஃபிரான்ஸில் லிவர்பூல் – ரியல் மாட்ரிட் சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டி. ஆட்டம் தாமதம். காரணம், ரசிகர்கள் தாமதமாக வந்தது என்று மைதானத்தின் பெரிய திரையில் அறிவிப்பு ஓடியது. அதே நேரத்தில், டிக்கெட்டோடு முன்கூட்டியே வந்த ஆயிரக்கணக்கானவர்கள் வெளியே நெரிசலில் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்கள் மீது கண்ணீர்ப் புகை வீசப்பட்டது. ஹில்ஸ்பரோவில் உயிர் பிழைத்தவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள்.

போலி டிக்கெட்டோடும், டிக்கெட்டே இல்லாமலும் 30,000 முதல் 40,000 லிவர்பூல் ரசிகர்கள் வந்தார்கள் என்றார் பிரான்ஸ் உள்துறை அமைச்சர் ஜெரால்ட் தர்மனன். நுழைவாயில்களில் ஸ்கேன் ஆன போலி டிக்கெட்டுகள் என்று யூஃபா கணக்குச் சொன்னது 2,589.

எதிரணி ரசிகர்களுக்கு அமைச்சரின் கணக்கு வசதியாக இருந்தது. மீம், கிண்டல், பழைய குற்றச்சாட்டுகள் எல்லாம் மறுபடி சுற்ற ஆரம்பித்தன. மைதானத்தின் சிசிடிவி பதிவுகளோ, யாரும் கேட்டு வாங்காததால் 7 நாளில் தானாக அழிந்துவிட்டன.

ஆனால் இந்த முறை ரசிகர்கள் கையில் போன் இருந்தது. நெரிசல், பூட்டிய வாசல், கண்ணீர்ப் புகை என்று அவர்கள் எடுத்த வீடியோக்களும், அங்கிருந்த நிருபர்களின் நேரடிப் பதிவுகளும் அதிகாரிகளின் கதையை அன்றிரவே கேள்வி கேட்டன. அந்த ஜூலையிலேயே பிரான்ஸ் செனட் அறிக்கை, ரசிகர்கள் மீது பழி போட்டது தவறு என்றது. 2023 பிப்ரவரியில் சுயேச்சை ஆய்வு, முதன்மைப் பொறுப்பு யூஃபாவுக்கே என்றது. 27 ஆண்டுகள் ஒன்பது மாதங்களாகக் குறைந்தன.

ஆக, 'அதிகாரபூர்வமாகச் சொன்னால் நம்பு, ரசிகன் சொன்னால் நம்பாதே' என்ற சுலபமான சூத்திரம் வேலைக்கு ஆகாது. ஸாவி விஷயத்தில் கூட்டமைப்புத் தரப்பே முதலில் உறுதிப்படுத்தியது. பாரிஸில் அமைச்சரே சொன்னார். சொன்னவர் எவ்வளவு பெரிய ஆள் என்பதைவிட, அவருக்கு அது எப்படித் தெரியும் என்பதுதான் கேள்வி.

*இரண்டு மணி நேரத்தில் ஓர் அறிக்கை*

2024 ஜூலை 29-ல், லிவர்பூலுக்குப் பக்கத்தில் உள்ள சவுத்போர்ட்டில் மூன்று சிறுமிகள் கத்தியால் குத்திக் கொல்லப்பட்டார்கள். குற்றவாளி என்று ஒரு பொய்ப் பெயர் இணையத்தில் பரவியது; படகில் வந்த புகலிடக் கோரிக்கையாளர் என்றார்கள். அடுத்த நாளே உள்ளூர் மசூதி தாக்கப்பட்டது. பல நகரங்களில் கலவரம்.

பத்து மாதம் கழித்து, 2025 மே 26. லிவர்பூல் அணியின் பிரீமியர் லீக் வெற்றி ஊர்வலம். ரசிகர்கள் கூட்டத்துக்குள் ஒரு கார் புகுந்தது. நூறு பேருக்கு மேல் காயம். வீடியோ நிமிடங்களில் எல்லார் போனிலும் இருந்தது. கூடவே 'யார் செய்தது' என்ற ஊகங்களும். சவுத்போர்ட்டைப் பார்த்த அதே மெர்சிசைட் போலீஸ், இந்த முறை காத்திருக்கவில்லை. கைதானவர் 53 வயது, வெள்ளையினத்தவர், பிரிட்டிஷ்காரர், லிவர்பூல் பகுதியைச் சேர்ந்தவர் என்று சுமார் இரண்டு மணி நேரத்தில் அறிவித்தது. ஊகிக்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டது. வழக்கமாக இவ்வளவு சீக்கிரம் இந்த விவரங்களைச் சொல்ல மாட்டார்கள். வெற்றிடம் இருந்தால் அதைப் பொய் நிரப்பும் என்ற பாடம் அப்படிக் கற்கப்பட்டது.

*அப்போ நாம என்ன பண்ணலாம்?*

1. *இது எனக்கு ஏன் பிடிக்கிறது?* ஷேர் பட்டனை அழுத்தும் முன் இந்த ஒரு கேள்வி. ரொம்பப் பிடித்திருந்தால், ரொம்பக் கோபம் வந்தால், அதுதான் நிற்க வேண்டிய இடம்.

2. *முதலில் சொன்னது யார்?* பத்து பக்கங்களில் இருப்பது பத்து ஆதாரம் இல்லை. பத்தும் ஒரே இடத்தைக் காட்டினால் ஆதாரம் ஒன்றுதான். புக்டுவ் கதையை நினைத்துக்கொள்ளுங்கள்.

3. *கணக்கின் பெயரை எழுத்து எழுத்தாகப் படியுங்கள்.* நீல டிக் இப்போது அடையாளச் சான்று இல்லை, சந்தா ரசீது.

4. *மேற்கோள் கார்டா? வீடியோவைத் தேடுங்கள்.* வீரர் எந்தப் பேட்டியில், எந்தத் தேதியில் சொன்னார் என்று இல்லாத கார்டை அங்கேயே விட்டுவிடுங்கள்.

5. *டிரான்ஸ்ஃபர் என்றால் காத்திருங்கள். விபத்து, சாவு என்றால் இன்னும் அதிகம் காத்திருங்கள்.* கிளப் அறிவிக்கும்போது எப்படியும் தெரிந்துவிடும். நீங்கள் முதலில் சொன்னதற்கு யாரும் கோப்பை தரப்போவதில்லை.

6. *தப்பாக ஷேர் பண்ணிவிட்டால் அதே குரூப்பில் திருத்துங்கள்.* சத்தமில்லாமல் டெலிட் செய்வதைவிட, "சாரி, அது பொய்யாம்" என்று ஒரு வரி போடுவது நல்லது. இதை எழுதும் நானும் ஸாவி மெசேஜை இரண்டு குரூப்பில் தட்டிவிட்டு, மறுநாள் அசடு வழியத் திருத்தியவன்தான்.

வதந்தி இல்லாத கால்பந்து சப்பென்று இருக்கும். டிரான்ஸ்ஃபர் சீசனில் டீக்கடையில் "அவன் வர்றானாம், இவன் போறானாம்" என்று அலசுவதும் இந்த ஆட்டத்தின் ஒரு பகுதிதான். பேசுங்கள், ஆசைப்படுங்கள், சண்டை போடுங்கள். அந்த 'ஆம்' மட்டும் கடைசி வரை கூடவே இருக்கட்டும்.