விலையும் செவியும்

இப்பேச்சை உங்களிற் சிலர் வானொலிப் பெட்டியின் முன் அமர்ந்து கேட்டுக்கொண்டிருப்பீர்கள். வேறு சிலர், வீட்டிலுள்ளோர்க்கு இடையூறு நேராவண்ணம், ஹெட்போன் எனப்படும் கருவியைத் தலையில் அணிந்து கேட்டுக்கொண்டிருப்பீர்கள். இவ்விரண்டாவது பகுதியினரின் தொகை நாளுக்கு நாள் பெருகி வருகின்றது. அக்கருவியின் விலையும் அவ்வாறே பெருகி வருகின்றது. சில ஆயிரம் ரூபாவுக்கும் ஹெட்போன் கிடைக்கின்றது. பல இலட்சம் ரூபாவுக்கும் கிடைக்கின்றது. இரண்டும் செய்யும் தொழில் ஒன்றே. அவ்வாறாயின் உயர்ந்த விலை கொடுப்பவர் மேலதிகமாக எதனைப் பெறுகின்றார்? அது கொடுத்த விலைக்குத் தகுமா? இவ்வினாக்களையே இன்று ஆராய விரும்புகின்றேன். நான் பொறியியல் கற்றவன் அல்லேன். கலைப் பட்டம் பெற்றுப் பாடசாலை அதிபராய்ப் பணியாற்றுபவன். எனினும், இரவில் இசை கேட்கும் பழக்கமுடையவன் என்ற முறையிலும், இக்கருவியால் ஓரிரவு பெரிதும் கலங்கியவன் என்ற முறையிலும் சில கூறத் துணிகின்றேன்.

ஹெட்போன் புதிய பொருளன்று. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் நதானியேல் போல்ட்வின் என்பவர் தமது வீட்டுச் சமையலறையிற் செய்த ஹெட்போன்களை 1910ஆம் ஆண்டளவில் அந்நாட்டுக் கடற்படை வாங்கத் தொடங்கியது. 1925இல் கொழும்பில் வானொலி ஒலிபரப்பு ஆரம்பமாயிற்று. அக்காலத்திலே பளிங்கு வானொலி வைத்திருந்தோர், எந்நாட்டினராயினும், பெரும்பாலும் ஹெட்போனை அணிந்தே நிகழ்ச்சிகளைக் கேட்டனர். 1937இல் பேர்ளின் நகரில் ஒயிகன் பேயர் என்பார் இன்றைய முறைக்கு முன்னோடியான கருவியை உருவாக்கினார். 1958இல் அமெரிக்கராகிய ஜோன் கொஸ், இசையை இரு செவிக்கும் இருவேறு ஒலியாய்ப் பிரித்துக் கேட்பதற்கென்றே ஒன்றை ஆக்கினார். 1968இல் ஜேர்மனியின் சென்ஹைசர் நிறுவனம் புறம் திறந்த ஹெட்போனை வெளியிட்டது. அன்று தொடக்கம் ஹெட்போன்கள் புறம் திறந்தவை, புறம் மூடியவை என இரு வகையாய் வழங்கலாயின.

இவ்விரண்டுக்கும் உள்ள வேற்றுமை யாது? ஹெட்போனின் கிண்ணத்தினுள்ளே மெல்லிய தகடொன்று அதிர்கின்றது. அவ்வதிர்வு செவியை நோக்கி எழுப்பும் ஒலிக்கு நிகரான ஒலியைப் பின்புறமாகவும் எழுப்புகின்றது. கிண்ணத்தின் புறம் திறந்திருப்பின் அப்பின்னொலி வெளியே கலைந்து போகும். மூடியிருப்பின் உள்ளேயே தங்கும். மூடிய கருவியின் நன்மை, தீமை ஆகிய இரண்டும் இந்த ஒரு காரணத்திலிருந்தே பிறக்கின்றன. நம் இசை பிறரை எழுப்பாது. பிறர் பேச்சு நம் இசையைக் கெடுக்காது. இது நன்மை. அடைபட்ட பின்னொலி கிண்ணச் சுவரில் மோதித் திரும்பித் தகட்டையே தாக்குவதால், குடத்தினுள்ளிருந்து பாடுவது போன்ற முழக்கம் தோன்றலாம். இது தீமை. உயர்ந்த விலைக் கருவிகளிற் செய்யப்படும் முயற்சியின் பெரும்பகுதி இத்தீமையை அடக்குவதிலேயே செலவாகின்றது. யப்பானிய நிறுவனமாகிய டெனொன் 2018இல் வெளியிட்ட ஒரு ஹெட்போனின் கிண்ணம் மூங்கிலாற் செய்யப்பட்டது. பிரான்சின் போக்கல் நிறுவனம் 2019இல் வெளியிட்ட ஸ்டெலியா என்னும் கருவியின் அதிர்தகடு பெரிலியம் என்னும் அரிய உலோகத்தாலானது. வெளியானபோது அதன் விலை அண்ணளவாக 3,000 அமெரிக்க டொலராயிருந்தது.

மூடிய கருவியின் நன்மையே சில வேளை ஆபத்தாகவும் முடியும். வயது முதிர்ந்த என் தாயார் நோயுற்றிருந்த காலத்தில், அவருடைய உறக்கம் கெடாதிருக்கவே நான் புறம் மூடிய ஹெட்போன் ஒன்றை வாங்கினேன். மார்கழி மழை பெய்துகொண்டிருந்த ஓரிரவு நான் கச்சேரிப் பதிவொன்றில் ஆழ்ந்திருந்தேன். அடுத்த அறையிலிருந்து தாயார் தண்ணீர் கேட்டு அழைத்திருக்கிறார்; பல முறை அழைத்திருக்கிறார். எனக்குக் கேட்கவில்லை. பாட்டு முடிந்து கருவியைக் கழற்றியபோது, அவர் கதவோரம் தரையில் அமர்ந்திருக்கக் கண்டேன். தாமே எழுந்து வர முயன்று வழுக்கியிருந்தார். கையிற் சிறு சிராய்ப்போடு போயிற்று. மறுநாளே அவர் கட்டிலருகில் ஓர் அழைப்பானைப் பொருத்தினேன். அதனை அழுத்தினால் என் மேசை விளக்கு எரியும். ஆகவே புறம் மூடிய ஹெட்போன் வாங்க எண்ணுவோர் முதலிற் கேட்டுக்கொள்ளவேண்டிய வினா ஒலியைப் பற்றியதன்று. நான் கேளாதிருக்கக் கூடாத குரல் என் வீட்டில் உண்டா என்பதே அவ்வினாவாகும்.

இனி, தேர்ந்தறியும் முறைக்கு வருவோம். முதலிற் சோதிக்க வேண்டியது அணிவதிலுள்ள சுகமே. ஒலியை விட்டுச் சுகத்தை முன்வைப்பதேன் எனச் சிலர் வினவலாம். காரணம் உண்டு. முதலாவது, எடை. ஒலிப்பதிவுக் கூடங்களில் நெடுங்காலமாய்ப் பாவிக்கப்படும் சோனி நிறுவனத்தின் எம்டிஆர் 7506 என்னும் எளிய கருவி ஏறக்குறைய 230 கிராம் எடையுள்ளது. முன்னர்க் கூறிய ஸ்டெலியா 435 கிராம். கடையில் ஐந்து நிமிடம் அணிந்து பார்க்கையில் இவ்வேற்றுமை பெரிதாய்த் தோன்றாது. ஒரு மணித்தியாலம் கழிந்த பின் கழுத்து அதனை உணரும். எடை மாத்திரமன்று, அவ்வெடையைத் தலைப்பட்டி எவ்வாறு பகிர்ந்து தாங்குகின்றது என்பதும் முக்கியம். உச்சந்தலையில் ஒரே இடத்தில் அழுந்துமாயின் நோவு உண்டாகும். கிண்ணங்கள் தலையை இறுக்கும் அளவும் அவ்வாறே. மிக இறுகினால் தாடை நோகும். மிகத் தளர்ந்தால் ஒலி கசியும். தோல் போன்ற மெத்தை ஒலியை நன்கு அடைக்குமாயினும், நம் நாட்டு வெப்பத்தில் வியர்வையை உண்டாக்கும். துணி மெத்தை குளிர்ச்சியானது. ஆயின் அதன் அடைப்புச் சற்றுக் குறைவு.

சுகத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவை நான் என் மூக்குக்கண்ணாடியாலேயே கற்றேன். புதுக் கருவியை முதன்முதலாய் அணிந்து கேட்டபோது, மிருதங்கத்தின் வலந்தலை தெளிவாய் ஒலித்தது. தொப்பியின் கும்காரமோ இல்லவேயில்லை. பழுதான பொருளைத் தந்துவிட்டனர் என எண்ணித் திருப்பிக் கொடுக்கவும் ஆயத்தமானேன். தற்செயலாய்க் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டேன். தொப்பி முழுமையாய் ஒலித்தது. கண்ணாடிக் காம்புக்கும் மெத்தைக்கும் இடையே இருந்த சிறு இடைவெளி வழியே தாழ்ந்த ஒலி அனைத்தும் கசிந்து போயிருந்தது. புறம் மூடிய கருவியில் மெத்தை செவியைச் சுற்றி முற்றாகப் பொருந்தினாலன்றித் தாழ்ந்த ஒலி நிலைபெறாது. ஆகவே கண்ணாடி அணிவோர் கண்ணாடியோடும், செவியணி அணிவோர் அவ்வணியோடும் சோதித்தல் வேண்டும். மற்றொருவர் தலைக்குப் பொருந்திய கருவியைப் பற்றி அவர் எழுதிய புகழுரை நம் தலைக்குச் செல்லாது. செருப்புக்காகக் காலை வெட்டுவார் உண்டோ?

அடுத்தது ஒலி. ஒலியைச் சோதிப்பவர் தமக்கு நெடுநாட் பழக்கமான பதிவொன்றையே கொண்டு செல்லல் வேண்டும். கடைக்காரர் போட்டுக் காட்டும் பாட்டு அக்கருவியின் சிறப்பை மாத்திரமே காட்டும், குறையைக் காட்டாது. நம் இசையிலேயே நல்ல உரைகற்கள் உண்டு. தம்புராவின் ரீங்காரம் இடையறாது விரிந்து கேட்கின்றதா? நாதசுரம் மேல்ஸ்தாயியிற் செல்கையில் சீவாளியின் கூர்மை செவியைக் குத்துகின்றதா? மிருதங்கத்தின் தொப்பி ஒலி தனித்து நிற்கின்றதா, அன்றிப் பாடகர் குரலின் மேற் படர்ந்து அதனை மூடுகின்றதா? பேச்சு இயல்பாய் இருக்கின்றதா, குடத்தினுள்ளிருந்து வருகின்றதா? இந்நான்கு வினாக்களுக்கும் விடை கண்டவர் பெரும்பாலும் ஏமாறமாட்டார்.

இரு கருவிகளை ஒப்பிடும்போது ஓர் எச்சரிக்கை தேவை. இரண்டையும் ஒரே உரப்பில் வைத்துக் கேட்டல் வேண்டும். மெல்லிய உரப்பில் மனிதச் செவி தாழ்ந்த ஒலிகளைக் குறைவாகவே உணரும் என்பதை பிளெச்சர், மன்சன் என்னும் இரு அமெரிக்க ஆய்வாளர் 1933இலேயே அளந்து காட்டினர். ஆகவே சற்று உரத்து ஒலிக்கும் கருவி, தரம் மிகுந்தது போல நம்மை மயக்கும்.

விலை உயர உயர ஒலியும் உயருமா? 2017இல் யெரூன் பிரேபார்ட் என்னும் ஆய்வாளர் 283 ஹெட்போன்களை அளந்து ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். தாழ்ந்த ஒலி முதல் உயர்ந்த ஒலி வரை ஒவ்வொன்றும் எவ்வளவு வலிமையோடு வெளிப்படுகின்றது என்பதே ஒரு கருவியின் ஒலிச் சமநிலை. அச்சமநிலைக்கும் விற்பனை விலைக்கும் தொடர்பேதும் இல்லையென்பது அவர் கண்ட முடிவு. ஹார்மன் நிறுவனத்தைச் சேர்ந்த ஷோன் ஒலிவ், டொட் வெல்டி ஆகியோர் 2012 தொடக்கம் நடத்திய சோதனைகளில், பெயரும் விலையும் அறியாது கேட்டோரிற் பெரும்பாலார், நல்ல அறையொன்றில் நல்ல ஒலிபெருக்கி எழுப்பும் ஒலியை ஒத்த சமநிலையையே விரும்பினர். இதனால் விலையுயர்ந்தவை யாவும் வீண் எனக் கொள்ளற்க. நுண்மையும், உறுதியும், வேலைப்பாடும் அவற்றில் மிகுந்திருத்தல் கூடும். விலைச்சீட்டு ஒலிக்குச் சான்றாகாது என்பதே இங்குக் கொள்ளத்தக்கது.

மூன்றாவது, பெறுமதி. இதனை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம். நாள்தோறும் இரண்டு மணித்தியாலம் வீதம் ஐந்து ஆண்டு கேட்பவர் 3,650 மணித்தியாலம் கேட்கின்றார். 36,500 ரூபாக் கருவியாயின் மணித்தியாலத்துக்குப் பத்து ரூபா. 3,65,000 ரூபாக் கருவியாயின் நூறு ரூபா. ஆயின் அணிந்து இருபது நிமிடத்தில் தலை நோவதால் அலுமாரியில் உறங்கும் கருவிக்கு இக்கணக்கே இல்லை. மேலும், மெத்தை ஓரிரு ஆண்டில் உரியும், வடம் அறும். அவை தனியே கழற்றி மாற்றத்தக்கனவா, கடையிற் கிடைப்பனவா என்று கேட்டறிதல் வேண்டும். மாற்று மெத்தை கிடையாத உயர்ந்த கருவியிலும், கிடைக்கும் எளிய கருவியே மேலானது. அன்றியும், பேயர்டைனமிக் நிறுவனத்தின் டிரி 770 புரோ என்னும் கருவி 32, 80, 250 ஓம் என மூவகை மின்தடையில் வருகின்றது. கைத்தொலைபேசியில் நேரே பொருத்திக் கேட்பவர் 250 ஓம் வகையை வாங்கினால், உரப்புப் போதாது. வேறொரு பெருக்கியும் வாங்க நேரிடும்.

என் மருகர் ஒருவர் தமது உயர்ந்த விலைக் கருவியை ஒரு வாரம் என்னிடம் விட்டுச் சென்றார். அதில் தம்புரா என்னுடையதிலும் தெளிவாய்க் கேட்டது உண்மை. ஆயின் மூன்றாம் கீர்த்தனையில் என் கழுத்து வலித்தது. வார முடிவில் நன்றியோடு திருப்பிக் கொடுத்தேன்.

அவ்வாரத்திலேயே இன்னொன்றும் நிகழ்ந்தது. எங்கள் பாடசாலை விஞ்ஞான ஆசிரியர் ஏழாந்தர மாணவர்க்கு ஒலி பற்றிய பாடம் நடத்திக்கொண்டிருந்தார். நான் வகுப்பின் பின்னே அமர்ந்திருந்தேன். செக்கனுக்கு 8,000 அதிர்வுள்ள ஒலியை எழுப்பினார், யாவரும் கையுயர்த்தினோம். பின்னர் 15,000 என்றார். பிள்ளைகள் அனைவரும் கையுயர்த்தினர். எனக்கு வகுப்பு அமைதியாய் இருந்தது. அதிபருக்குக் கேட்கவில்லை என்று பிள்ளைகள் சிரித்தனர், நானும் சிரித்தேன். மருகரின் கருவிப் பெட்டியில் 40,000 அதிர்வு என அச்சிட்டிருந்தது நினைவுக்கு வந்தது. சோனி நிறுவனம் 2016இல் வெளியிட்ட எம்டிஆர் இசட்1ஆர் என்னும் கருவிக்கோ 1,20,000 எனக் குறிக்கப்பட்டுள்ளது. இளஞ்செவிக்கும் எல்லை ஏறக்குறைய 20,000 தான். வயது ஏற அதுவும் குறையும். கருவியின் எண் எவ்வளவாயினும், கேட்பது நம் செவியே.

அச்செவி தேய்வது வயதால் மாத்திரமன்று, உரத்த ஒலியாலுந்தான். உட்செவியிலுள்ள நுண்ணிய மயிர்க்கலங்கள் அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. 80 தெசிபெல் உரப்பில் வாரத்துக்கு 40 மணித்தியாலத்துக்கு மேற் கேட்டலாகாது என உலக சுகாதார நிறுவனம் வரையறுத்துள்ளது. சிறுவர்க்கு அவ்வெல்லை 75 தெசிபெல். உரப்பு மூன்று தெசிபெல் உயருந்தோறும் கேட்கத்தகும் காலம் பாதியாகும்: 83இல் 20 மணித்தியாலம், 86இல் 10, 89இல் 5. பன்னிரண்டு முதல் முப்பத்தைந்து வயது வரையுள்ள நூறு கோடிக்கும் அதிகமானோர் இவ்வகையில் ஆபத்துக்குள்ளாகியுள்ளனர் என்பதும் அந்நிறுவனத்தின் மதிப்பீடு.

இங்குதான் புறம் மூடிய ஹெட்போனின் உண்மைப் பெறுமதி வெளிப்படுகின்றது. தெருவோசையை மிஞ்சுவதற்காக உரப்பைக் கூட்டும் தேவையை அது குறைக்கின்றது. நன்றாய்ப் பொருந்தும் கருவியை அணிந்தவர் மெல்லக் கேட்டே நிறைவு பெறலாம். பொருந்தாத கருவியை அணிந்தவர், கசிந்து போன ஒலியைத் தேடி உரப்பைக் கூட்டிக்கொண்டே போவார். எனவே பிள்ளைகளுக்கு ஹெட்போன் வாங்கிக் கொடுக்கும் பெற்றோர், பெட்டியிலுள்ள எண்களைப் பாராது, பிள்ளையின் தலையில் அணிவித்துப் பாருங்கள். எவ்வளவு குறைந்த உரப்பில் அப்பிள்ளை பாட்டைத் தெளிவாய்க் கேட்கின்றது என்று கேளுங்கள். மிகக் குறைந்த உரப்பில் எக்கருவி போதுமாயிருக்கின்றதோ அதையே வாங்குங்கள். அப்பிள்ளை ஐம்பது வயதிலும் தன் தாய் மெல்ல அழைப்பதைக் கேட்கவேண்டும் அல்லவா?