இணையத்தில் தொழில் அறிமுகம்

கூட்டுறவு என்பது அறிமுகத்தின் மீது எழுந்த அமைப்பாகும். ஒருவருடைய நாணயத்தை மற்றவர் அறிந்தவர்களே ஒன்றுகூடிப் பங்குத் தொகை செலுத்திச் சங்கம் காண்கின்றனர். ஆயினும், சங்கத்திற்குள் உள்ள அறிமுகம் நூல் பெறவும் கடன் பெறவும் துணை செய்யுமேயன்றி, நெய்த துணியை விற்றுத் தருவதில்லை. வாங்குவோர் வெளியூரில் இருக்கின்றனர். அவர்களை அறிந்தவர் பல சங்கங்களில் காரியதரிசி ஒருவரே. அவர் ஓய்வு பெறும் நாளில், பல ஆண்டுகளாகச் சேர்ந்த அறிமுகங்களும் அவருடைய குறிப்புப் புத்தகத்தோடு வீட்டுக்குச் சென்றுவிடுகின்றன. பின்னர் ஆர்டர்கள் குறைகின்றன; தறிகள் நிற்கின்றன. விளைபொருள் விற்கும் சங்கங்களின் நிலையும் இதுவே. இக்குறையைப் போக்கக்கூடிய சாதனங்களுள் ஒன்று, இணையத்தின் வழியே தொழில் அறிமுகம் தேடும் முறையாகும். அதனை எவ்வாறு தொடங்குவது என்பதை இங்கே விளக்குவோம்.

தூரத்து அறிமுகத்தின் வலிமை

அமெரிக்காவில் மார்க் கிரானோவெட்டர் என்னும் சமூகவியல் அறிஞர் 1973ஆம் ஆண்டில் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டார். தெரிந்தவர் மூலம் புதிய வேலை பெற்றவர்களை அவர் விசாரித்தபோது, அவ்வாறு உதவியவரை அடிக்கடி சந்திப்பவர்கள் 100க்குச் சுமார் 17 பேரே இருந்தனர். எப்போதாவது சந்திப்பவர்கள் சுமார் 56 பேர். அரிதாகவே சந்திப்பவர்கள் சுமார் 28 பேர். இதன் காரணம் எளிது. நம் தெருவில் உள்ளவர்க்குத் தெரிந்த செய்தி நமக்கும் தெரிந்ததே. புதிய செய்தி, நம்மைச் சிறிதளவே அறிந்த வெளியாரிடமிருந்துதான் வரும். 2022ஆம் ஆண்டில், 2 கோடிப் பேரின் இணையத் தொடர்புகளை ஆராய்ந்த அறிஞர்களும் ஏறக்குறைய இதே முடிவுக்கு வந்தனர். மிக நெருங்கிய தொடர்பும் அன்றி, அறவே அறியாத் தொடர்பும் அன்றி, இடைப்பட்ட தொடர்பே வேலை மாறுவோர்க்குப் பெரிதும் உதவியது என்று கண்டனர்.

லிங்க்ட்இன் என்னும் தளம்

அந்த ஆராய்ச்சி நடைபெற்ற தளம் லிங்க்ட்இன் ஆகும். 2003ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்காவில் தொடங்கப் பெற்ற இதனை, 2016ஆம் ஆண்டில் மைக்ரோசாப்ட் நிறுவனம் விலைக்கு வாங்கியது. உலகில் 100 கோடிக்கு மேற்பட்டோர் இதில் பதிவு செய்துள்ளனர். ஏற்றுமதியாளர், கடைகளுக்குச் சரக்குக் கொள்முதல் செய்வோர், ஆடை வடிவமைப்போர், தொழிற்கல்லூரி ஆசிரியர், வங்கி அதிகாரிகள் ஆகியோர் தத்தம் தொழிலின் பெயரால் இங்கே இருக்கின்றனர். 16 வயது நிரம்பியவர் எவரும் கைப்பேசி அல்லது மின்னஞ்சல் விலாசம் கொண்டு சேரலாம். கட்டணம் செலுத்திப் பெறும் வசதிகளும் உண்டு. தொடங்குவோர்க்கு அவை தேவையில்லை.

இதன் அமைப்பு உறவுமுறை போன்றது. நாம் நேரே இணைந்தவர் முதற்படியினர். அவரோடு இணைந்தவர் நமக்கு இரண்டாம் படியினர். அவர்களோடு இணைந்தவர் மூன்றாம் படியினர். இரண்டாம் படியில் உள்ள ஒருவரை அணுக விரும்பினால், இடையில் நிற்கும் அன்பர் யார் என்பதைத் தளமே காட்டும். அவர் மூலம் அறிமுகம் பெறுவதே சிறந்த வழி.

சுயவிவரம் எழுதும் முறை

முதலில் எழுத வேண்டியது நம் சுயவிவரம். முகம் தெளிவாகத் தெரியும் படம் ஒன்று இருத்தல் வேண்டும். பெயருக்குக் கீழே தொழிலைக் கூறும் ஒரு வரி அமையும். அதற்கு 220 எழுத்தளவே இடம் உண்டு. அங்கே "நெசவாளர்" என்று மட்டும் எழுதினால் ஒருவரும் தேடி வரமாட்டார். "கைத்தறிப் போர்வையும் துண்டும் நெய்யும் கூட்டுறவுச் சங்கத்தின் உற்பத்தி மேற்பார்வையாளர்" என்று எழுதி, ஊரின் பெயரையும் சேர்த்தால், பொருளைத் தேடுவோர் கண்ணில் படும். வெளிமாநிலத்தாரும் படிக்க வேண்டியிருப்பதால், தமிழோடு ஆங்கிலத்திலும் அவ்விவரத்தை எழுதுதல் நலம்.

விரிவான பகுதியில், வாங்குவோர் கேட்கும் கேள்விகளுக்கு விடை இருக்க வேண்டும். நூலின் நம்பர் என்ன, துணியின் அகலம் என்ன, சாயம் நிற்குமா, மாதத்தில் எத்தனை உருப்படி தர இயலும், ஆர்டர் கொடுத்த எத்தனை நாளில் சரக்கு வரும் என்பனவே அவை. விவசாயியாயின் பயிரின் ரகம், சாகுபடிப் பரப்பு, அறுவடை மாதம், தரம் பிரிக்கும் வசதி ஆகியவற்றைக் கூற வேண்டும். விசைத்தறித் துணியைக் கைத்தறி என்று எழுதுவது பெரும் பிழை. 2006ஆம் ஆண்டில் ஏற்பட்ட கைத்தறி முத்திரையைப் பெற்ற சங்கங்கள் அதைக் குறிப்பிடலாம், பெறாதவை குறிப்பிடலாகாது. ஒருவர் கூறும் பொய், சங்கம் முழுவதன் நாணயத்தையும் கெடுக்கும்.

யாரோடு இணைவது?

முதலில் நேரில் அறிந்த 20, 30 பேரோடு இணைய வேண்டும். பழைய வாடிக்கையாளர், பொருட்காட்சியில் சந்தித்தவர், சேலம் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனம் போன்ற இடங்களில் பயின்ற நம் அங்கத்தினர்களின் மக்கள் ஆகியோர் இவர்களுள் அடங்குவர். அறியாதவர்க்கு அழைப்பு அனுப்பும்போது, காரணத்தை இரண்டு வரியில் எழுதுதல் மரியாதை. "தாங்கள் பருத்திப் போர்வை வாங்கி விற்பதை அறிந்தேன். எங்கள் சங்கமும் அதையே நெய்கிறது. தங்கள் அறிமுகத்தை விரும்புகிறேன்" என்பது போதும். முதல் கடிதத்திலேயே சரக்கு வாங்குமாறு வற்புறுத்தலாகாது.

வாரம் ஒரு முறை தறியின் படமோ, புதிய கரை மாதிரியோ, அறுவடைச் செய்தியோ வெளியிட்டு வந்தால் நம் பெயர் பிறர் நினைவில் நிற்கும். ஆர்டர் உடனே வரும் என்று எதிர்பார்த்தல் கூடாது. நாற்று நட்ட மறுநாள் அறுவடை இல்லை.

சங்கம் செய்ய வேண்டியது

தனி மனிதரின் கணக்கு அவருக்கே உரியது. ஆகவே சங்கத்தின் பெயரால் தனிப் பக்கம் ஒன்று தொடங்க வேண்டும். அதனை நடத்தும் பொறுப்பைக் குறைந்தது இருவருக்கு நிர்வாகக் குழுவின் தீர்மானத்தால் அளிக்க வேண்டும். ஒருவர் விலகினால் அவர் பெயரை நீக்கி வேறொருவரைச் சேர்க்கலாம். பக்கமும் அதைப் பின்தொடர்வோரும் சங்கத்திடமே இருப்பர். வந்த விசாரணைகளையும் அனுப்பிய விடைகளையும் ஒரு பதிவேட்டில் எழுதி வருவது இன்றியமையாதது. இவ்வாறு செய்தால் காரியதரிசி மாறினாலும் வாடிக்கையாளர் மாறமாட்டார். சங்கத்திற்கு வந்த ஆர்டரைத் தனியே கொண்டுசெல்லும் ஆசைக்கும் இடமிராது.

எச்சரிக்கை

நல்லவர் கூடும் சந்தையில் கள்வரும் நடமாடுவர். வேலை தருவதாகச் சொல்லி முன்பணம் கேட்போரையும், வெளிநாட்டு ஆர்டருக்குப் பதிவுக் கட்டணம் கேட்போரையும் நம்பலாகாது. கடவுச்சொல், கைப்பேசிக்கு வரும் ஓ.டி.பி. எண், ஆதார் அட்டையின் படம் ஆகியவற்றை ஒருவருக்கும் அனுப்பலாகாது. புதியவர்க்குச் சரக்கு அனுப்புமுன், அவர் நிறுவனத்தின் விலாசத்தையும் ஜி.எஸ்.டி. எண்ணையும் சரிபார்த்து, முன்பணம் பெறுதல் அவசியம். பணம் பறிபோயின், நாணி மறைக்காமல், தாமதமின்றி 1930 என்னும் எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும்.

அடுத்த குழுக் கூட்டத்தில் இவ்விஷயத்தை ஆலோசனைக்கு எடுத்துக்கொள்ளுமாறு சங்கங்களைக் கேட்டுக்கொள்கிறோம். கைப்பேசியில் பழகிய இளைஞர் ஒருவரும், தொழிலை நன்கறிந்த மூத்தவர் ஒருவரும் சேர்ந்து பொறுப்பேற்பாராயின் வேலை செவ்வனே நடைபெறும். இளைஞர்க்கு எழுதத் தெரியும்; எதை எழுத வேண்டும் என்பது மூத்தவர்க்குத் தெரியும்.