வழிகாட்டும் நாய்கள்

வீட்டைக் காக்கும் நாயையும், மந்தையைக் காக்கும் நாயையும், வேட்டைக்குச் செல்லும் நாயையும் நாம் அறிவோம். தன் தலைவர் இடும் கட்டளையைத் தக்க வேளையில் மறுப்பதற்கென்றே பழக்கப்படும் நாயைப் பற்றிக் கேட்டதுண்டா? அமெரிக்க ஐக்கிய நாடுகளில், நியூ ஜெர்சி மாநிலத்து மாரிஸ்டவுன் என்னும் ஊரை அடுத்து அத்தகைய நாய்களைப் பயிற்றும் நிலையம் ஒன்று உள்ளது. கண்பார்வை இழந்தோர் அங்குச் சென்று தங்கி, தமக்கென ஒரு நாயைப் பெற்று, அதனுடன் நடக்கப் பழகித் திரும்புகின்றனர். ‘சீயிங் ஐ’ என்பது அந்நிலையத்தின் பெயர். ‘காணும் கண்’ என்பது அதன் பொருள்.

இந்நிலையம் தோன்றிய வரலாறு அறியத்தக்கது. முதல் உலகப் போரில் கண்ணிழந்த ஜெர்மானிய வீரர் பலர். அவர்களுக்காக 1916ஆம் ஆண்டில் ஓல்டன்பர்க் நகரில் வழிகாட்டும் நாய்களைப் பயிற்றும் பள்ளி தொடங்கப்பெற்றது. பின்னர்ப் பாட்ஸ்டாம் நகரிலும் ஒன்று எழுந்தது. சுவிட்சர்லாந்தில் வாழ்ந்துவந்த டாரதி யூஸ்டிஸ் என்னும் அமெரிக்கப் பெண்மணி அதனைக் கண்டு வியந்து, 1927ஆம் ஆண்டில் அமெரிக்க வார இதழ் ஒன்றில் கட்டுரை வரைந்தார்.

அக்காலத்தில் டென்னசி மாநிலத்து நாஷ்வில் நகரில் மாரிஸ் பிராங்க் என்னும் இளைஞர் வாழ்ந்தார். அவர் ஆறு வயதில் ஒரு கண்ணையும், பதினாறு வயதில் மற்றொரு கண்ணையும் இழந்தவர். வெளியே செல்லவேண்டுமாயின் கூலிக்கு அமர்த்திய சிறுவன் ஒருவனையே அவர் நம்பவேண்டும். அவனோ சலிப்புற்றால் நடுவழியில் விட்டுவிட்டுப் போய்விடுவான். தந்தை படித்துக் காட்டிய அக்கட்டுரையைக் கேட்டதும் பிராங்க் அம்மையாருக்குக் கடிதம் எழுதினார். 1928இல் அவர் அழைப்பின்பேரில் கப்பலேறினார். அப்பயணத்தில் ஒரு பொதியை அனுப்புவதுபோலவே அவரை அனுப்பினர். பணியாள் ஒருவர் குறித்த நேரத்தில் அவரை உலாவ அழைத்துச் செல்வார். பின்பு அறையில் விட்டுப் பூட்டிவிடுவார்.

திரும்பிவரும்போது அவருக்கு அந்நிலை இல்லை. ‘பட்டி’, அதாவது ‘தோழன்’ என்று அவர் பெயரிட்ட பெண் நாய் உடன் வந்தது. அதன் துணையுடன் கப்பலின் தளமெங்கும் விருப்பம்போல் உலாவினார். நியூயார்க்கில் இறங்கியதும், செய்தியாளர் பார்த்திருக்க, வண்டிகள் விரைந்தோடும் அகன்ற தெரு ஒன்றைப் பட்டியுடன் கடந்தார். பின்பு யூஸ்டிஸ் அம்மையாருக்குத் தந்தி கொடுத்தார். அதில் இருந்தது ஒரே சொல்: ‘வெற்றி’. அடுத்த ஆண்டு, 1929இல், நாஷ்வில்லில் இந்நிலையம் நிறுவப்பெற்றது. பின்னர் நியூ ஜெர்சிக்கு மாற்றப்பெற்றது.

இங்கு நாய்க்குட்டியின் கல்வி நிலையத்தில் தொடங்குவதில்லை, இல்லத்தில் தொடங்குகிறது. பிறந்த ஏழெட்டு வாரங்களில் குட்டிகளை அக்கம்பக்கத்துக் குடும்பங்களிடம் ஒப்படைக்கின்றனர். அவற்றை ஏற்று வளர்ப்போருள் உங்களை ஒத்த பள்ளிச் சிறுவர் சிறுமியர் பலர். குட்டிக்கு வேண்டிய நேரத்தில் உணவிடுதல், வீட்டை அசுத்தம் செய்யாதிருக்கப் பழக்குதல், கடைத்தெருவின் இரைச்சலுக்கு அஞ்சாதிருக்கச் செய்தல் ஆகியவை அவர்கள் கடமை. ஓராண்டு கடந்து சில திங்கள் ஆனதும் நாயைத் திருப்பித் தருதல் வேண்டும். இரவும் பகலும் உடனிருந்த நாயைப் பிரிவது எளிதோ? தருவோம் என்று அறிந்தே வளர்த்தாலும் அந்நாளில் கண்ணீர் விடாத குழந்தை அரிது. பயிற்சி முடியும் காலத்தில் அக்குடும்பத்தினரை நிலையத்தார் அழைக்கின்றனர். தாம் வளர்த்த நாய் பயிற்சியாளரை நடத்திச் செல்வதை அவர்கள் அதன் கண்ணிற் படாது தொலைவில் நின்று காண்பர். அதனைப் பெயர் சொல்லி அழைத்தல் கூடாது. அக்குழந்தைகள் வாய்மூடி நிற்கும் அச்சில நிமிடங்களே அப்பயிற்சி முழுவதிலும் கடினமான பாடமென்று எனக்குத் தோன்றுகிறது.

நிலையத்தில் பயிற்சி ஏறத்தாழ நான்கு திங்கள் நடைபெறும். நாயின் உடலில் தோல்வார்ப்பட்டை பூட்டப்படும். அதன்மேல் வளையாத கைப்பிடி ஒன்று எழுந்து நிற்கும். நாயின் ஒவ்வோர் அசைவும் அக்கைப்பிடி வழியே மனிதரின் இடக்கைக்கு எட்டும். நடைபாதையின் விளிம்பில் நிற்கவும், பள்ளத்தையும் கம்பத்தையும் விலக்கிச் செல்லவும் நாய் கற்கின்றது. தாழ்ந்து தொங்கும் மரக்கிளையையும் அது கருதவேண்டும். கிளை நாய்க்கு இடையூறன்று. தலைவரின் நெற்றிக்கே இடையூறு. தனக்குப் போதிய இடம் இருப்பினும், பிறருக்குப் போதுமா என்று நாய் பார்க்கப் பழகுதல் வியப்பன்றோ?

சாலையைக் கடப்பதற்குரிய விளக்கின் நிறத்தை நாய் படித்தறியும் எனச் சிலர் நினைக்கின்றனர். அது தவறு. வண்டிகளின் ஓசையைக் கேட்டு, கடக்கும் வேளையைத் தீர்மானிப்பவர் மனிதரே. போகும் வழியை அறிந்திருப்பவரும் அவரே. ‘முன்னே செல்’ என்று அவர் கூறுவார். அப்போது வண்டி ஒன்று திடீரெனத் திரும்பினால் நாய் நகராது நிற்கும். வேண்டுமாயின் பின்வாங்கி அவரையும் இழுக்கும். தொடக்கத்தில் கூறிய கீழ்ப்படியாமை இதுவே. இதனைக் கற்பிக்கப் பயிற்சியாளர்களே வண்டியோட்டி வந்து குறுக்கே திருப்புகின்றனர். ஓசையின்றி ஓடும் மின்வண்டிகள் பெருகிய இந்நாளில் இப்பாடத்தின் தேவை மிகுந்துள்ளது.

பின்னர் நாயைப் பெறுவோர் வருகின்றனர். முதலில் நாய் தரப்படுவதில்லை. பயிற்சியாளர் தாமே கைப்பிடியின் முன்புறத்தைப் பற்றி, நாயைப்போல இழுத்து நடக்கின்றார். வந்தவர் பின்புறத்தைப் பற்றி உடன் நடக்கின்றார். அவருடைய நடை விரைவா, மெதுவா, எவ்வளவு இழுப்பைத் தாங்குவார் என்பன இதனால் விளங்கும். அதற்கேற்ற நாயையே தேர்கின்றனர்.

சில வாரங்கள் அவர்கள் அங்கேயே தங்குகின்றனர். வைகறையில் எழுந்து நாய்க்கு உணவும் நீரும் தருதல் முதல் வேலை. முற்பகலிலும் பிற்பகலிலும் மாரிஸ்டவுன் தெருக்களில் நடைப்பயிற்சி. உணவுக் கூடத்தில் நாய்கள் மேசையின்கீழ் அமைதியாகப் படுத்திருக்கும். மாலையில் பேச்சும் இசையும் நிகழும். முன்பே நாயுடன் வாழ்ந்தவர் புதியவர்க்குத் தம் அனுபவங்களைக் கூறுவர். முதல்முறை நடக்கும்போது பலர் நாயை நம்பாமல் காலால் தரையைத் தடவுகின்றனர். நம்புவதற்கு மனிதருக்கு வேண்டிய காலம், வழிகாட்டுவதற்கு நாய்க்கு வேண்டிய காலத்தினும் சிலபோது மிகுதி. ஊராரும் இக்கல்வியில் பங்கு கொள்கின்றனர். வார்ப்பட்டை பூண்ட நாயைத் தட்டிக்கொடுத்தல் ஆகாது என்பதைக் கடைக்காரரும் குழந்தைகளும் அறிவர். ஊர் நடுவிலுள்ள பசும்புல் திடலில் பிராங்குக்கும் பட்டிக்கும் 2005இல் சிலை எழுப்பியுள்ளனர்.

ஒரு நாயைப் பயிற்ற ஆகும் செலவு மிகப் பெரிது. அதனை நன்கொடையாளர் ஏற்கின்றனர். ஆயினும் நாயை இலவசமாகத் தருவதில்லை. முதல் நாய்க்கு 150 டாலர், அடுத்தவற்றுக்கு 50 டாலர், போர்வீரராயின் ஒரு டாலர் என்பது நெடுங்காலமாக மாறாத கட்டணம். இயன்றபோது சிறிது சிறிதாகச் செலுத்தலாம். பெறுபவர் இரவலர் அல்லர், தம் நாயைத் தாமே விலைகொடுத்துப் பெற்றவர் என்பதே இதன் கருத்து.

ஏழெட்டு ஆண்டுகள் உழைத்தபின் நாய் முதுமை அடைகின்றது. வார்ப்பட்டையைக் களைந்து, அதனைத் தலைவர் தம் வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம், உற்றாரிடமும் அளிக்கலாம். பின்பு அவர் 50 டாலருடன் மீண்டும் மாரிஸ்டவுனுக்குப் புறப்படுகின்றார்.