வெளிநாட்டில் பிடித்த பென்ஷன் பணம்: ஊர் திரும்பினால் கைக்கு வருமா?

சங்கரன்கோவிலில் இருந்து மூணு நண்பர்கள் வெளிநாட்டு வேலைக்குப் போறாங்கன்னு வச்சுக்குவோம். ஒருவர் அமெரிக்காவில் ஐடி வேலை. இன்னொருவர் ஜப்பானில் தொழிற்சாலை வேலை. மூன்றாமவர் துபாயில் சூப்பர்வைசர். ஐந்து வருஷம் கழிச்சு மூணு பேரும் ஊர் திரும்புறாங்க. ஓய்வூதியக் கணக்கில் அவர்களுக்கு என்ன மிஞ்சும்? மூணு பேருக்கும் மூணு பதில்.

அமெரிக்கா: பணம் அங்கேயே

ஹெச்-1பி விசாவில் இருப்பவரின் சம்பளத்தில் 6.2 சதவீதம் சோஷியல் செக்யூரிட்டிக்குப் போகிறது. நிறுவனமும் அதே அளவு கட்டுகிறது. ஓய்வூதியத்துக்கு 40 கிரெடிட் வேண்டும். அதாவது குறைந்தது 10 வருஷ வேலை. ஆனால், அந்த விசாவின் வழக்கமான உச்ச வரம்பே 6 வருஷம்தான்.

நடுவில் திரும்பினால் ஓய்வூதியமும் இல்லை, கட்டிய பணமும் கிடைக்காது. இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் இல்லாததால், இங்கே பி.எஃப். கட்டிய வருஷங்களைச் சேர்த்துக்காட்டவும் வழியில்லை. ஒரே ஆறுதல், சேர்ந்த கிரெடிட் அழியாது. மறுபடி அங்கே வேலைக்குப் போனால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

ஜப்பான்: கேட்டால்தான் கிடைக்கும்

இங்கே பிடித்தம் 18.3 சதவீதம். தொழிலாளியும் நிறுவனமும் பாதிப் பாதி. குறைந்தது 6 மாதம் கட்டிவிட்டு நாடு திரும்புபவர் 'மொத்தத் தொகை' கேட்டு விண்ணப்பிக்கலாம். 2021 ஏப்ரல் முதல் அதிகபட்சம் 60 மாதங்களுக்குக் கணக்கிடுகிறார்கள். ஐந்து வருஷத்துக்கு, சராசரி மாதச் சம்பளத்தைப் போல சுமார் ஐந்தரை மடங்கு வரும். அதில் 20.42 சதவீதம் வரி பிடிப்பார்கள். அதைத் திரும்பக் கேட்க, அங்கே ஒரு வரிப் பிரதிநிதியை நியமிக்க வேண்டும்.

கெடு முக்கியம்: ஜப்பான் முகவரியை ரத்து செய்து கிளம்பியதில் இருந்து 2 வருஷம். தாண்டினால் அவ்வளவுதான்.

இதில் ஒரு சிக்கலும் இருக்கு. 2016 அக்டோபர் முதல் இந்தியா-ஜப்பான் ஒப்பந்தம் அமலில் உள்ளது. ஓய்வூதியத் தகுதிக்கான 10 வருஷத்தை எட்ட, இரு நாட்டுச் சேவைக் காலத்தையும் கூட்டிக்கொள்ளலாம். ஆனால், மொத்தத் தொகையை வாங்கிவிட்டால் அந்த ஜப்பான் வருஷங்கள் கணக்கில் வராது. இப்போ கையில் காசா, வயசான காலத்தில் மாத வருமானமா? யோசிச்சுத்தான் கையெழுத்துப் போடணும்.

துபாய்: பென்ஷன் இல்லை, கிராஜுவிட்டி உண்டு

ஐக்கிய அரபு அமீரகத்தில் வெளிநாட்டவர் அரசு ஓய்வூதியத் திட்டத்தில் வர மாட்டார்கள். பதிலாக, ஒரு வருஷம் முடித்தவருக்குப் பணிக்கொடை உண்டு. முதல் 5 வருஷத்துக்கு, வருஷத்துக்கு 21 நாள் சம்பளம். அதற்கு மேல் 30 நாள்.

கவனிங்க, அலவன்ஸ் சேராது, அடிப்படைச் சம்பளம் மட்டும்தான். மொத்தம் 4,000 திர்ஹம் வாங்கினாலும் பேசிக் 2,000 என்றால், ஐந்து வருஷத்துக்கு 7,000 திர்ஹம்தான். ஒப்பந்தம் முடிந்த 14 நாளுக்குள் இதைத் தரணும்.

மலேசியா, சிங்கப்பூர்?

மலேசியாவில் 2025 அக்டோபர் சம்பளம் முதல் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் இ.பி.எஃப். கட்டாயம். தொழிலாளி 2 சதவீதம், முதலாளி 2 சதவீதம். வீட்டு வேலை செய்பவர்களுக்கு விலக்கு. சிங்கப்பூரில் ஒர்க் பெர்மிட், எஸ் பாஸ் வைத்திருப்பவர்களுக்கு சி.பி.எஃப். கிடையாது.

கிளம்பும் முன்...

* சம்பள ரசீது, பென்ஷன் எண், ஒப்பந்த நகல் மூன்றையும் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.
* வளைகுடாவில் இருப்பவர்கள், பணம் கைக்கு வராமல் 'எல்லாம் பெற்றுக்கொண்டேன்' என்ற தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.
* இந்திய நிறுவனமே அனுப்பி வைக்கிறதா? ஜப்பான், ஜெர்மனி, பிரான்ஸ் போன்ற ஒப்பந்த நாடு என்றால், இ.பி.எஃப்.ஓ. தரும் 'கவரேஜ் சான்றிதழ்' வாங்குங்கள். குறிப்பிட்ட காலம் வரை அங்கே இரட்டைப் பிடித்தம் இருக்காது.

டிக்கெட் போட்ட பிறகு ஓடுவதைவிட, வேலையில் சேரும் நாளிலேயே இதைக் கேட்டு வைப்பது நல்லது.