வடதுருவப் பனியும் எமது கரையும்

மீன்பெட்டி ஐஸ் கரைந்தால் எமக்கு நட்டம். வடதுருவக் கடற்பனி கரைந்தால் குச்சவெளிக்கு என்ன?

1978 முதல் செய்மதிகள் அப்பனியை அளக்கின்றன. பனியும் நீரும் வெளிவிடும் நுண்ணலைகள் வேறுபடுவதால், நீண்ட இரவிலும் முகிலினூடாகவும் பிரித்தறியலாம். 2012 செப்டெம்பரில் எஞ்சியது சுமார் 34 இலட்சம் சதுர கிலோமீற்றர். இதுவரை பதிவானதில் ஆகக்குறைவு. 2013 பெப்ரவரியில் சிறிஹரிகோட்டாவிலிருந்து ஏவிய இந்திய-பிரெஞ்சுச் செய்மதி சரல், கடல்மட்டத்தையும் அளந்தது.

மிதக்கும் பனி கரைவதால் கடல் உயர்வதில்லை எனலாம். நிறைகுவளையில் ஐஸ் கரைந்தும் தண்ணீர் வழியாதல்லவா, சகோதரிகளே? ஆனால் வெண்பனி விலகிய கருங்கடல் வெயிலை உறிஞ்சுகிறது. சூட்டில் கடல்நீர் விரிகிறது; கிறீன்லாந்துத் தரைப்பனியும் உருகிச் சேர்கிறது.

2004 சுனாமி பூகம்பத்தால் வந்தது. இது வேறு, மெதுவானது. 1993 முதல் உலகச் சராசரி உயர்வு சுமார் 10 சென்ரிமீற்றர். கரையோரக் கிணறுகளில் உவர் ஏற இதுவும் காரணமாகலாம்.