பழைய சாகாவின் கிளட்ச் கேபிள்: தட்டை மாற்றும் முன் கவனிக்க வேண்டியது

கெமாஸ் – 1985ஆம் ஆண்டு அறிமுகமான முதல் புரோட்டோன் சாகா, தோட்டப்புறக் குடும்பங்கள் பலவற்றுக்கு நன்கு பழகிய கார். அதில் கிளட்ச் பெடலையும் கியர் பெட்டியையும் இணைப்பது ஒரு கேபிள்தான்.

பெடலை மிதித்தால் கேபிள் ஒரு நெம்புகோலை இழுக்கும். நெம்புகோல் பேரிங்கைத் தள்ள, கிளட்ச் தட்டின் பிடி விடும். 1960களின் அமெரிக்க மஸ்டாங் கார்களில் இதே வேலையை இரும்புத் தண்டுகள் செய்தன. இரண்டிலும் பெடலின் தொடக்கத்தில் சிறிது வெற்று அசைவு இருந்தாக வேண்டும்.

அசைவு அதிகமானால் கிளட்ச் முழுதாக விலகாது. ரிவர்ஸ் கியர் கரகரக்கும். அசைவே இல்லாவிட்டால் பேரிங் ஓயாமல் அழுந்தும். தட்டு வழுக்கித் தேயும். மேட்டில் இயந்திரம் இரைந்தாலும் கார் ஏறாது. தட்டு தேயத் தேய இந்த அசைவு தானாகவே குறையும். எனவே ஒருமுறை சரிசெய்தால் போதாது.

புதிய கேபிளை மடிப்பின்றி, சூடான புகைக்குழாயில் படாமல் கொண்டு செல்ல வேண்டும். பெடலைப் பலமுறை மிதித்து, கேபிள் படிந்த பிறகே அளக்க வேண்டும். கையால் மெல்ல அழுத்தும்போது, கனம் தெரியும் வரை பெடல் இறங்கும் தூரமே அந்த அசைவு. காருக்குரிய கையேட்டில் உள்ள அளவுக்கு வரும்வரை திருகு மரையைச் சுழற்ற வேண்டும்.

அசைவு சரியாக இருந்தும் வழுக்கினால் தட்டு தேய்ந்திருக்கலாம். தட்டை மாற்ற கியர் பெட்டியை இறக்க வேண்டும். கேபிளைச் சரிசெய்ய ஒரு ஸ்பேனர் போதும். பட்டறையில் முதலில் கேபிளைப் பார்க்கச் சொல்வது நல்லது.