அல்லிராணிக் கோட்டைக்குச் செல்வோர் எங்கே தங்குவது?

எல்ல என்னும் ஊரில் வாழ்வோர்க்கு, வழிப்போக்கர் தங்குமிடம் பற்றிப் பிறர் எடுத்துரைக்க வேண்டியதில்லை. மலைச்சரிவெங்கும் விடுதிகள் நிறைந்த ஊர் அது. ஒன்பது வளைவுப் பாலத்தைக் காண வருபவர், புகைவண்டியின் ஓசை கேட்கும் தூரத்திலேயே படுத்துறங்கலாம். இராவணன் பெயர் தாங்கிய குகைக்கு ஏறி இறங்குபவர், அடிவாரத்திலேயே தேநீர் அருந்தி இளைப்பாறலாம். காணவேண்டிய பொருளும் தங்கவேண்டிய இடமும் அங்கே அடுத்தடுத்து அமைந்திருக்கின்றன. ஆதலின், பதுளையிலிருந்தும் ஊவாவின் தோட்டங்களிலிருந்தும் வெளியூர்ச் சுற்றுலாவுக்குப் புறப்படுவோர் பலர், எல்லா ஊரும் எல்லயைப் போன்றதே என்று எண்ணிவிடுகின்றனர்.

இவ்வெண்ணம் பிழைபடும் இடங்களுள் ஒன்று மன்னார் மாவட்டத்து அரிப்பு. அங்கே கடலோர மண்மேட்டின் விளிம்பில் பாழடைந்த மாளிகை ஒன்று நிற்கின்றது. அவ்வூர் மக்கள் அதனை அல்லிராணிக் கோட்டை என்று வழங்குவர். ஆண்களை அடக்கி ஆண்டவளென்றும், அருச்சுனனை அலைக்கழித்தவளென்றும் நாட்டுக்கதைகள் கூறும் அல்லி அரசி இங்கே வீற்றிருந்தாள் என்பது செவிவழி மரபு. வரலாறு கூறுவது வேறு. இலங்கையின் முதலாவது பிரித்தானியத் தேசாதிபதியாக 1798 முதல் 1805 வரை ஆட்சிபுரிந்த பிரெடரிக் நோர்த் என்பார், 1801 ஆம் ஆண்டுக்கும் 1804 ஆம் ஆண்டுக்கும் இடையில் கட்டுவித்த மாளிகையே அது. பண்டைய கிரேக்கரின் டோரிக் முறையில் திண்ணிய தூண்கள் அமைந்தமையால், ஆங்கிலேயர் அதனை 'டோரிக்' என்றே அழைத்தனர். எல்லயில் குகைக்கும் அருவிக்கும் இராவணன் பெயர் வாய்த்தது போல, இங்கே தேசாதிபதியின் மாளிகைக்கு அல்லியின் பெயர் வாய்த்தது. கட்டியவன் பெயரை மறந்து, தாம் விரும்பியவர் பெயரைச் சூட்டிக்கொள்வது மக்கள் இயல்பு போலும்.

தேசாதிபதி ஒருவர் இவ்வளவு ஒதுக்கமான கரையில் மாளிகை எழுப்பியது ஏன்? இன்று அங்கே செல்வோரை வருத்தும் கேள்வியே அன்று அவரையும் வருத்தியது: எங்கே தங்குவது என்பதே அது. மன்னார்க் குடாவின் முத்துப் பார்கள் அக்காலத்தில் அரசாங்கத்துக்குப் பெருவருவாய் ஈட்டித் தந்தன. கடல் அமைதியுறும் மாசி, பங்குனி மாதங்களில் முத்துக்குளிப்பு நடைபெறும். அப்பொழுது தமிழகத்துக் கரையிலிருந்தும் அரபு நாடுகளிலிருந்தும் குளிப்பவரும் வணிகரும் பல்லாயிரவராய் வந்து கூடுவர். அவர்களுக்கெனக் கரையில் ஓலைக்குடிசைகளாலான நகரம் ஒன்று எழும். குளிப்பு முடிந்ததும் அது மறைந்துவிடும். பிற்காலத்தில் எழுத்தாளராகப் புகழ்பெற்ற லியனார்ட் வுல்ஃப், 1906 ஆம் ஆண்டில் இளம் அதிகாரியாக மறிச்சுக்கட்டி முகாமில் பணியாற்றியது அத்தகைய ஓலைநகர் ஒன்றிலேயே. அக்குளிப்பை மேற்பார்வை செய்ய வருங்கால் தாம் தங்குவதற்கெனவே நோர்த் தேசாதிபதி இம்மாளிகையைக் கட்டுவித்தார். ஆகவே அது பகைவரை எதிர்க்க எழுந்த கோட்டையன்று. ஒரு வகையில் தேசாதிபதியின் வாடிவீடு என்றே கூறலாம்.

ஆனால் அவர் தெரிந்தெடுத்த இடம் அழகைக் கருதியதேயன்றி நிலைபேற்றைக் கருதியதன்று. மேட்டின் விளிம்பில் நின்றால் கடல் முழுவதும் கண்ணுக்குப் புலப்படும். மறையும் கதிரவனின் ஒளி நேரே முகத்தில் வீழும். அக்கடலே ஆண்டுதோறும் மேட்டின் அடியை அரித்து, மாளிகையைச் சிறிது சிறிதாகத் தன்பால் இழுத்துக்கொண்டது. இன்று எஞ்சியிருப்பவை சில செங்கற் சுவர்களும் தூண் பகுதிகளுமே. கண்ணுக்கு இனிய இடமெல்லாம் தங்குவதற்கு ஏற்ற இடமாகாது என்பதை, அப்பாழ்மாளிகையே வருவோர்க்கு முதற்பாடமாகக் கற்பிக்கின்றது.

பாழிடத்தில் தங்குதல் கூடாது என்பது இதனால் பெறப்படும். கூடாரம் அடித்து இரவைக் கழிக்கலாமென்று இளைஞர் சிலர் எண்ணக்கூடும். மேட்டின் விளிம்பு எப்பொழுது சரியும் என்று எவராலும் கூறவியலாது. பழஞ்சுவரில் சாய்வதும் ஏறுவதும் சுவருக்கும் கேடு, ஏறுபவர்க்கும் கேடு. குடிநீரும் விளக்கும் அங்கே இல்லை. மாலைக் காட்சியைக் கண்டு, இருள் கவிவதற்கு முன் திரும்பிவிடுவதே முறை.

அவ்வாறாயின் எங்கே திரும்புவது? நான்கு வழிகள் உள்ளன. அவற்றின் நன்மை தீமைகளை ஆராய்வோம்.

முதலாவது மன்னார் நகரம். அரிப்புக்கு ஒரு மணி நேரத்துக்குள் சென்றடையத்தக்க தொலைவில் அஃது உள்ளது. விடுதிகளும் உணவுச்சாலைகளும் மருத்துவமனையும் பேருந்து நிலையமும் அங்கே உண்டு. போர்க்காலத்தில் 1990 இல் அற்றுப்போன தலைமன்னார்ப் புகையிரதப் பாதை 2015 இல் மீண்டும் திறக்கப்பட்டமையால், பதுளையிலிருந்து வருவோர் பொல்காவலையில் வண்டி மாறி வரவும் வழியுண்டு. முதியோரையும் சிறுவரையும் அழைத்துச் செல்பவர்க்கும், முதன்முறை செல்பவர்க்கும் மன்னாரே தக்கது. விடியலில் புறப்பட்டால், வங்காலைப் பறவைகள் சரணாலயத்தில் நீர்ப்பறவைகளைக் கண்டு, வெயில் ஏறுமுன் அரிப்பை அடையலாம்.

இரண்டாவது சிலாவத்துறையும் அதனைச் சூழ்ந்த முசலிப் பகுதிச் சிற்றூர்களும். இவை பாழ்மாளிகைக்குச் சில கிலோமீட்டர் தூரத்திலேயே உள்ளன. காலையும் மாலையும் இருமுறை சென்று காண விழைவோர்க்கு இவ்வண்மை பெரும் வசதி. ஆயினும் தங்குமிடங்கள் சிலவே. முன்கூட்டிப் பேசி உறுதிசெய்யாது செல்பவர் ஏமாற நேரும். இங்கே வேறொன்றும் நினைவிற் கொள்ளத்தக்கது. இப்பகுதியின் முஸ்லிம் மக்கள் 1990 ஒக்டோபரில் வீடுவாசல் இழந்து வெளியேற்றப்பட்டனர். அவர்களுட் பலர், போர் முடிவுற்ற 2009 ஆம் ஆண்டுக்குப் பின்னரே மீண்டு வந்து குடியேறினர். அயலூரான் ஒருவன் அங்கே ஒருவேளை உணவுண்டு ஓர் இரவு தங்கினால், அவன் கொடுக்கும் பணம் மீண்டும் வேரூன்ற முயலும் குடும்பமொன்றுக்குப் பயன்படும். வசதியை மட்டும் எண்ணாது இதனையும் எண்ணுதல் நன்று.

மூன்றாவது யாத்திரைத் தலங்கள். திருக்கேதீச்சரத்தில் அடியார் தங்கும் மடங்கள் உண்டு. மடுத்திருப்பதியிலும் யாத்திரிகர் தங்குவதற்கு வசதிகள் உண்டு. செலவு குறைவு, அமைதியும் கிட்டும். ஆனால் மகா சிவராத்திரிக் காலத்தில் திருக்கேதீச்சரமும், ஆவணித் திருவிழாவின்போது மடுவும் மக்கள் வெள்ளத்தால் நிரம்பிவிடும். அந்நாட்களில் வழிபடச் செல்பவர்க்கே இடம் உரியது; பாழ்மாளிகை காணச் செல்பவர் வேறு நாளைத் தெரிந்தெடுத்தல் பண்பாடு. எந்நாளிலாயினும், தலத்தின் ஒழுங்குகளைக் கேட்டறிந்து அவற்றுக்கு அடங்கி நடத்தல் வேண்டும்.

நான்காவது அநுராதபுரம். எல்லயிலிருந்து மன்னார்வரை ஒரே மூச்சில் செல்வது, மலைப்பாதையில் தொடங்கி வெப்பச் சமவெளியில் முடியும் நெடும்பயணமாகும். சிறுவரால் அது தாங்கவொண்ணாது. போகும்பொழுது அநுராதபுரத்தில் ஓர் இரவு, பின் மன்னாரில் ஈரிரவு எனப் பிரித்துக்கொள்வது உடம்புக்கும் உள்ளத்துக்கும் நன்று. பாடசாலை மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரியர், கல்வி அலுவலகத்தின் வாயிலாக முன்னரே எழுதி, இடைவழிப் பாடசாலை ஒன்றின் மண்டபத்தைக் கேட்டுப் பெறலாம். அவ்வாறு பெறுபவர், குடிநீரும் கழிப்பறையும் எவ்வாறுள்ளன என்பதையும் அக்கடிதத்திலேயே கேட்டுவிடுதல் வேண்டும்.

எவ்விடத்தைத் தெரிந்தாலும் சில பொதுவிதிகள் உள. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ ஆயிரம் மீற்றர் உயரத்தில் கம்பளி போர்த்து உறங்கிப் பழகியவர்க்கு, மன்னாரின் இரவு புழுக்கமாயிருக்கும். ஆகவே காற்றோட்டமும் கொசுவலையும் உள்ள அறை, அழகிய அறையினும் மேலானது. சில கிணறுகளின் நீர் உவர்ப்பாயிருக்கும். குடிநீர் எங்கிருந்து வருகின்றதெனக் கேட்டறிதல் அவசியம். திரும்பி வரும் கடைசிப் பேருந்தின் நேரத்தை முதலில் அறிந்து, அதன் பின்னரே மாலைக் காட்சிக்குத் திட்டமிடல் வேண்டும். இன்றேல் முச்சக்கரவண்டி ஒன்றைப் போய்வரப் பேசி அமர்த்திக்கொள்ளலாம். வாடைக்காற்று மழை பொழியும் ஐப்பசி முதல் மார்கழி வரை அருவியாறு பெருகக்கூடும். மலைநாட்டில் மண்சரிவால் புகையிரதப் பாதை தடைப்படுவதும் உண்டு. முத்துக்குளிப்பு நிகழ்ந்த அதே மாசி, பங்குனி மாதங்களே பயணத்துக்கும் ஏற்றவை.

அரிப்பில் சிறிய கோட்டை ஒன்றும் உள்ளது. போர்த்துக்கேயர் கட்ட, 1658 இல் ஒல்லாந்தர் வசமான அதனை அல்லிராணிக் கோட்டையென மயங்குவோர் உளர், இரண்டும் வெவ்வேறு. கண்டி இராச்சியத்தில் ஏறத்தாழ இருபதாண்டுகள் சிறையிருந்து தப்பிய றொபேட் நொக்ஸ், ஆற்றோரக் காட்டுவழியே நடந்து 1679 ஒக்டோபரில் வந்து சேர்ந்தது அச்சிறு கோட்டைக்கே. அன்றிரவு கிடைத்த தங்குமிடத்தின் அருமையை அவரைப்போல் உணர்ந்தவர் யார்?

உணர்ந்தவர் இருந்தனர், அவர்கள் பெயர்கள்தாம் ஏட்டில் ஏறவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்கென ஆட்கள் தமிழகத்திலிருந்து தோணியேறி வந்திறங்கியது இம்மன்னார்க் கரையிலேயே. இறங்கியவர் காட்டுவழியே மாத்தளைவரை நடந்தனர். பசியாலும் வாந்திபேதியாலும் வழியிலேயே மாண்டவர் பலர். எங்கே தங்குவது என்று தெரிந்தெடுக்கும் உரிமை அவர்களுக்கு இருந்ததில்லை. மரநிழலும் அம்பலமும் கிடைத்தால் அதுவே பேறு. அவர்தம் வழித்தோன்றல்கள் 2023 ஆம் ஆண்டில், தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை அவ்வழியை நினைவுகூர்ந்து நடந்தனர்.

ஆகையால் ஊவாவின் தோட்டத்துப் பிள்ளை ஒன்று அரிப்புக் கரையில் நிற்கும்பொழுது, அது காண்பது தேசாதிபதியின் இடிந்த சுவரை மாத்திரமன்று. தன் பாட்டன் பாட்டி வந்திறங்கிய கடலையுமேயாம். அக்காட்சியை அவசரமாகக் கண்டு, பசியோடும் களைப்போடும் இரவோடிரவாகத் திரும்புவது தகாது. நல்ல நீரும் நல்ல உறக்கமும் உள்ள ஓரிடத்தில் தங்கி, மறுநாட் காலையில் மீண்டும் ஒருமுறை சென்று காணட்டும். முன்னோர்க்குக் கிட்டாத அமைதியான ஓர் இரவை அக்கரையில் பிள்ளைகளுக்கு அமைத்துக் கொடுப்பது, பயணத்துக்குத் தலைமை தாங்கும் பெரியோரின் கடமையாகும்.